பாய்க்கப்பலில ஒரு கிழமை டைவிங்: போய்வந்த ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?

பருத்தித்துறை_பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் போன வருசம் நிலாவெளியில ஓப்பின் வோட்டர் கோர்ஸ் முடிச்சனான், புறாமலையில ஒரு பதினைஞ்சு டைவ் அடிச்சிருக்கிறன், என்ர அனுபவம் அவ்வளவுதான். இப்ப கனடாவில இருக்கிற மச்சான் ஒராள் ஒரே ஆக்கினை, இந்தோனேசியாவில கொமோடோப் பக்கம் பினிசி எண்ட பழைய மாதிரி மரப் பாய்க்கப்பலில ஏறி ஆறு ராத்திரி அதுக்குள்ளயே தங்கி டைவ் அடிக்கலாமாம், வா போவம் எண்டு. படம் அனுப்பினவர், ரெண்டு பாய்மரம், ஏழு பாய், பாக்கவே விசர் பிடிக்குது. காசைக் கேட்டால் ஒரு புது மோட்டச்சைக்கிளின்ர விலை வருது, அம்மாக்கு இன்னும் சொல்லேல்லை.

கேள்வி என்னண்டால், உண்மையா பாயிலதான் ஓடுறாங்களோ? பதினைஞ்சு டைவ் காணுமோ? குறிகட்டுவானில ஏறி நெடுந்தீவு போய் இறங்கிறதுக்கிடையில ரெண்டு தரம் சத்தி எடுக்கிற ஆள் நான், ஆறு ராத்திரி தாங்குவனோ? போன ஆக்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.

ஸ்காபரோ_மச்சான்:
உந்தப் பாய் எல்லாம் படம் எடுக்கத்தான் தம்பி. முழுக்க முழுக்க டீசல் எஞ்சின். நான் போகேல்லை, கூட வேலை செய்யிறவன் ஒருத்தன் போனவன், ஏழு நாளும் எஞ்சின் ரூமுக்கு மேல படுத்துத் தலையிடியோட வந்தவன். உந்தக் காசுக்குத் திருகோணமலையில ரூம் எடுத்து ஒரு மாசம் நில்.

சுழியோடி_79:
நான் ரெண்டு தரம் போனனான், 2018 ஒருக்கா, 2023 ஒருக்கா, ரெண்டும் கொமோடோ. ஸ்காபரோ சொல்லுறதில முக்காவாசி உண்மை. கடைசித் தரம் ஆறு நாளில பாய் விரிச்சது ரெண்டே ரெண்டு தரம். ஒண்டு, வெள்ளைக்காரர் ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிறதுக்கு. மற்றது உண்மையான தேவைக்கு, எஞ்சினுக்குத் தண்ணி இழுக்கிற பைப் வெடிச்சுப்போச்சு, அதை மாத்தி முடிக்கும் மட்டும் கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலம் பாயில வந்தனாங்கள். அந்த மூண்டு மணித்தியாலத்துக்காகவே நான் திரும்பவும் காசு குடுப்பன்.

அவங்கட பாய் விரிக்கிற முறை வேற. எங்கட வள்ளங்களில பருமலோட, அதுதான் பாய் கட்டுற கழியோட, சேத்துப் பாயை மேல ஏத்துறது. உதில மேல சாய்ஞ்ச கழி எப்பவும் மேலதான் நிக்கும், பாயைத் திரைச்சீலை இழுக்கிற மாதிரி அந்தக் கழி வழிய இழுத்து விரிக்கிறாங்கள், நாலு பெடியள் கயிறை இழுக்க ஒருத்தன் வெறுங்காலோட மேல ஏறி நிண்டு சிக்கெடுத்தான். எஞ்சின் நிண்டாப்பிறகுதான் தெரிஞ்சுது கப்பல் இவ்வளவு நாளும் என்ன சத்தமெல்லாம் போட்டுக்கொண்டிருந்தது எண்டு. பலகைக்குப் பலகை முனகுது, கயிறு கிறீச்சிடுது, குசினியில கோப்பை உருளுது. அது மட்டும் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்த ஆக்கள் எல்லாம் வாய்மூடி இருந்தவை.

மற்றபடி ஒரு நாள் எப்பிடிப் போகும் எண்டால், விடிய அஞ்சே முக்காலுக்குக் கதவில தட்டு. ஒரு கோப்பி, ஒரு துண்டு பாண். வெள்ளைப் பலகையில கடலடிப் பாறையின்ர படம் ஒண்டு கீறி நீரோட்டம் எந்தப் பக்கத்தால வருது, எங்க குதிக்கிறது, எங்க திரும்பிறது எண்டு கைட் சொல்லுவான். ஏழு மணிக்குத் தண்ணிக்குள்ள. வந்து சாப்பாடு, படுக்கை, பத்தரைக்கு ரெண்டாவது, மத்தியானச் சாப்பாடு, படுக்கை, மூண்டு மணிக்கு மூண்டாவது, பொழுதுபட்டால் சில நாளில ராத்திரி டைவ். சொல்லேக்க ஆடம்பரம் மாதிரித்தான் இருக்கு, ஆனா ஒரு நாளைக்கு நாலு தரம் ஈர உடுப்புக்குள்ள காலை விடுறது ஆடம்பரம் இல்லை கண்டியோ. நாலாம் நாள் அந்த உடுப்பு மணக்கிற மணத்தை எழுதேலாது.

சிலிண்டரை நீங்கள் தூக்கத் தேவையில்லை, டெக்கில நிக்கிற இடத்திலயே நீள பைப்பைக் கொழுவிக் காத்து அடிப்பாங்கள். நைட்ரொக்ஸ், அதுதான் ஒக்சிசன் கூட்டின காத்து, எண்டால் ஒக்சிசன் எவ்வளவு வீதம் எண்டு மீற்றர் வைச்சு நீங்களே பாத்துக் கொப்பியில கையெழுத்து வைக்கவேணும், அதை வேற ஆரும் செய்ய விடமாட்டாங்கள். 32 வீதம் எண்டால் 33 மீற்றருக்குக் கீழ போகப்படாது, அதுக்குக் கீழ ஒக்சிசனே நஞ்சாப்போகும்.

பதினைஞ்சு டைவ்: நேர சொல்லுறன், காணாது. எங்களுக்குக் கரண்ட் எண்டால் போய்ப் போய் வாற சாமான், அங்க கரண்ட் எண்டால் ஆளைக் கொண்டுபோற சாமான். வடக்கால புளோரஸ் கடல், தெற்கால இந்து சமுத்திரம், ரெண்டுக்கும் நடுவில இருக்கிற தீவுகளின்ர இடுக்குகளுக்குள்ளால அவ்வளவு தண்ணியும் போய்வருது. பத்து போலோங் எண்டு ஒரு பாறை, மறைவான பக்கத்தில நிக்கும் மட்டும் சொர்க்கம், மூலையைத் தாண்டினால் கீழ இழுத்துக்கொண்டு போற நீரோட்டம். போக முதல் திருகோணமலையில இன்னும் ஒரு பதினைஞ்சு இருவது அடி, நீரோட்டத்தோட போற டைவும் பழகு. அங்க போய் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாத, குறைவு எண்டு சொன்னால் லேசான இடங்களுக்குத் தனிக் கைட்டோட விடுவாங்கள்.

மீன்குஞ்சு:
சுழியோடி அண்ணை ஆம்பிளையளின்ர பக்கத்தை எழுதிப்போட்டார், நான் மிச்சத்தை எழுதுறன் 😄 நானும் இவரும் 2022 போனனாங்கள்.

முதல் சத்தி. தம்பி, பயப்பிடாதயும், கப்பல் பகலில கனக்க நேரம் தீவுகளுக்கு நடுவில மறைவில கட்டித்தான் நிக்கும், ஆட்டம் ராத்திரி ஓடேக்கதான். எனக்கு முதல் ராத்திரி குடல் வாயுக்கால வந்தது. குளிசையைச் சத்தி வரேக்க போட்டுப் பிரியோசனமில்லை, ஏற முதல் போடவேணும். நித்திரை வராத குளிசையாக் கேட்டு வாங்கும், நித்திரைத் தூக்கத்தோட கடலுக்குள்ள இறங்கப்படாது. கீழ் அறைக்குள்ள போய்ப் படுக்காமல் மேல வந்து கப்பலின்ர நடுப்பக்கமா இரும், அங்கதான் ஆட்டம் குறைவு. இஞ்சி ரொபி கொண்டுபோம்.

ரொயிலற் சின்னன். கடதாசி போடேலாது, கை பம்ப் அடிக்கவேணும், இரவில மூண்டு மணிக்கு அடிச்சால் முழுக் கப்பலுக்கும் கேக்கும். நல்ல தண்ணி அளவாத்தான், டெக்கில நிண்டு ஒரு நிமிசம் மேலுக்கு வாத்திட்டு வரவேணும். என்ர தலைமயிர் மூண்டாம் நாள் தும்புத்தடி மாதிரி வந்திட்டுது, தேங்காய் எண்ணெய் வைச்சுப் பின்னிக்கொண்டுதான் இறங்கினனான், என்னைப் பாத்துப் பேந்து ரெண்டு டச்சுப் பெட்டையளும் எண்ணெய் கேட்டு வந்தவை.

சாப்பாடு எங்கட நாக்குக்குப் பிரச்சினையே இல்லை. சோறு, மீன், கத்தரிக்காய், சம்பல். சம்பல் எண்ட பேர்கூட ஒண்டுதான், தேங்காய்ப்பூ மட்டும் இல்லை. குசினிக்கார அண்ணைக்கு நான் கொண்டுபோன மிளகாய்த்தூள் கொஞ்சம் குடுத்தன், அடுத்த நாள் மீன் பொரிச்ச வாசத்துக்கு நான் அழுதே போட்டன்.

பன்ரண்டு பேருக்குப் பன்ரண்டு பதின்மூண்டு வேலையாக்கள் இருப்பினம், அவை முன்பக்கம் பாயில படுக்கிறவை. நாங்கள் ஏசி அறைக்குள்ள. உது எனக்குக் கடைசி மட்டும் ஒரு மாதிரித்தான் இருந்தது. போகேக்க அவைக்கெண்டு கொஞ்சக் காசு எடுத்து வையும், பெட்டி ஒண்டு இருக்கும், எல்லாருமாப் பிரிச்செடுப்பினம்.

ஊறணியான்:
பிள்ளையள், ஒரு திருத்தம் சொல்லட்டோ, கோவிக்கப்படாது. உதை ஸ்கூனர் ஸ்கூனர் எண்டு விளம்பரத்தில போடுறாங்கள். ஸ்கூனர் எண்டால் பின்மரம் முன்மரத்துக்குச் சமனா இருக்கவேணும், இல்லாட்டி உயரமா இருக்கவேணும். பினிசியில முன்மரம்தான் உயரம், ஆனபடியால் அது கெட்ச். பாய் வெட்டுறது மட்டும் ஸ்கூனர் மாதிரி. சுலாவெசித் தீவின்ர தெற்கில இருக்கிற ஆக்கள் கட்டுறது, 2017இல யுனெஸ்கோ அந்தக் கப்பல் கட்டுற கலையைப் பட்டியலில சேத்தது. அவையள் பலகையை முதல் மரஆணி அடிச்சு அடுக்கிப்போட்டுப் பேந்துதான் உள்ளுக்கு வங்கு, அதுதான் விலா எலும்பு மாதிரிச் சட்டம், வைப்பினம், ஐரோப்பாக்காரன் வங்கு வைச்சுப்போட்டுத்தான் பலகை அடிப்பான்.

எங்கட ஊரிலயும் கட்டினவைதானே. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி 89 அடி, பிரிகன்டைன் எண்ட ரெண்டு பாய்மர வகை, எங்கட வேப்பமரம் போட்டுக் கட்டினது. ரொபின்சன் எண்ட அமெரிக்கன் வாங்கித் தன்ர மனிசியின்ர பேரை வைச்சுப்போட்டு அனுப்ப, எங்கட ஆக்கள் சுவெஸ் கால்வாயால கொண்டுபோய் 1938இல மசச்சூசெற்சில குளொஸ்ரர் துறைமுகத்தில சேத்தவை. அந்தக் கப்பல் அங்க போய்ச் சேரேக்க எங்கட அப்பப்பா அக்கியாபுக்கும் ரங்கூனுக்கும் அரிசிக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்.

சுழியோடித் தம்பி, ஒண்டு கேக்கவேணும். பலகை இடுக்குக்கு என்ன அடைக்கிறாங்கள்? இங்க பஞ்சு வைச்சுக் கலப்பத்து அடிச்சுக் குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பூசுவினம்.

சுழியோடி_79:
ஐயா, அதேதான்! மரப்பட்டை நாரும் பஞ்சும் வைச்சு உளியால அடிக்கிறாங்கள், மேல பூசுறதுக்கு அவங்கள் டமார் எண்டு சொல்லுற பிசின். எனக்கு முதல் நாள் அறைக்குள்ள போகவே ஏதோ தெரிஞ்ச மணம், என்னண்டு பிடிபடேல்லை. அந்த ஆக்கள் குடிக்கிற கராம்புச் சிகரெட் மணத்தோட சேந்து ஒரே குழப்பம். ரெண்டாம் நாள்தான் பிடிபட்டுது, குங்கிலியம்.

நங்கூரக் கதை ஒண்டும் சொல்லோணும். மூண்டாம் ராத்திரி நித்திரை வராமல் அணியத்துக்குப் போனன், ஒரு கிழவன், செரங் எண்டு கூப்பிடுவாங்கள், சங்கிலிக்கு மேல வெறும் உள்ளங்காலை வைச்சுக்கொண்டு இருந்து சிகரெட் குடிக்குது. எனக்கு இந்தோனேசியன் தெரியாது, அவருக்கு இங்கிலிஷ் தெரியாது. என்ர காலையும் பிடிச்சுச் சங்கிலியில வைச்சார். கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை. பேந்து மெல்ல ஒரு அதிர்வு, பல்லு நறுமிற மாதிரி, கிர் கிர் எண்டு. மனிசன் எழும்பிப் போய்க் கப்டனை எழுப்பிப்போட்டார், நங்கூரம் அரையுதாம், பிடி விட்டு இழுபடுதாம். ஜிபிஎஸ் அலாரம் அதுக்குப் பிறகு ஒரு அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் அடிச்சுது.

ஊறணியான்:
அப்பப்பா நங்கூரக் கயித்தைக் கால் பெருவிரலில ஒரு சுத்துச் சுத்திப்போட்டுத்தான் படுக்கிறவராம். கரைக்கு வந்து வீட்டில படுத்தாலும் அந்தக் காலை ஆட்டிக்கொண்டேதான் படுப்பார் எண்டு அப்பம்மா பேசுறவ.

குருநகர்_அட்டை:
மூண்டு நாளா வாசிச்சுக்கொண்டிருக்கிறன், எழுதோணும் போல கிடந்துது. நான் கடலட்டை பிடிக்கிற ஆள், பத்தொன்பது வயசில இருந்து சிலிண்டரில இறங்கிறன், சேட்டிபிக்கேற் ஒண்டும் இல்லை. நீங்கள் டைவிங் எண்டு சொல்லுறது எங்களுக்குத் தொழில். உங்களிட்டக் கேக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கிடக்கு. அந்தக் கப்பலில ஆர் எத்தினை தரம் இறங்கினது, எவ்வளவு நேரம் கீழ நிண்டது எண்டு ஆர் கணக்கு வைக்கிறது?

ஸ்காபரோ_மச்சான்:
அண்ணை நல்ல கேள்வி. ஏன் கேக்கிறியள்?

குருநகர்_அட்டை:
ஏனெண்டால் எங்களுக்கு ஒருத்தரும் வைக்கிறேல்லை. எட்டுப் பாகம் பத்துப் பாகம் ஆழத்தில ஒரு நாளைக்கு ஆறு சிலிண்டர் ஏழு சிலிண்டர் முடிப்பம், ஒண்டு முடிய மேல வந்து ஒரு பிளேன்ரீ, மற்றதைக் கொழுவிக்கொண்டு திரும்ப. அட்டை கிடக்கிற இடம் கண்டிட்டால் பிளேன்ரீயும் இல்லை. பெரியப்பாவின்ர மோன் 2016இல ஒருநாள் மத்தியானம் மேல வந்தவன், தோள் நோகுது எண்டான், பேந்து இடுப்புக்குக் கீழ இல்லை. இப்ப தடி பிடிச்சு நடக்கிறான். திரும்பக் கீழ இறங்கினால் நோ போகும் எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம், அவனும் அண்டைக்கு ஒருக்கா இறங்கினவன்.

சுழியோடி_79:
அண்ணை, கணக்கு ரெண்டு இடத்தில இருக்கும். ஒண்டு கையில, மணிக்கூடு மாதிரி ஒரு சின்னக் கொம்பியூட்டர், ஆழத்தையும் நேரத்தையும் தானே பாத்து இன்னும் எத்தினை நிமிசம் நிக்கலாம் எண்டு காட்டும், முதல் டைவில உடம்பில ஏறின மிச்சத்தையும் சேத்துத்தான் அடுத்த டைவுக்குக் கணக்குப் பாக்கும். மற்றது டெக்கில ஒரு பலகை, ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட தகடு ஒண்டு தொங்கும், இறங்கேக்க கழட்டிக் குடுக்கவேணும், ஏறி வந்து நீங்களே கொழுவவேணும். ஒரு பிள்ளை பக்கத்தில நிண்டு எத்தினை மணிக்கு இறங்கினது, எத்தினை மணிக்கு ஏறினது எண்டு எழுதும். ஒருக்கா ஒரு ஜேர்மன்காரனை நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோய் நானூறு மீற்றர் தள்ளி எழுப்பிவிட்டுது, அவன் செம்மஞ்சள் ரியூப்பை ஊதி நிமித்திப் பிடிச்சபடியால் கண்டுபிடிச்சம். அவனின்ர தகடு பலகையில இல்லை எண்டு அந்தப் பிள்ளைதான் முதல் கத்தினது.

உங்கட தம்பிக்கு நடந்தது என்னண்டால், ஆழத்தில மூச்செடுக்கேக்க நைதரசன் ரத்தத்துக்குள்ள கரைஞ்சு ஏறும். கெதியா மேல வந்தால் சோடாப் போத்தில் திறந்த மாதிரி முட்டை முட்டையா வெளிக்கிடும், முள்ளந்தண்டில போய் அடைச்சால் கால் போகும். பத்துப் பாகம் எண்டால் 18 மீற்றர், ஒரு சிலிண்டருக்குப் பெரிசா ஒண்டும் வராது, ஆனா ஆறு ஏழு எண்டு அடுக்கேக்க ஒவ்வொண்டிலயும் மிச்சம் சேந்துகொண்டே போகும். அதாலதான் அங்க ஒரு டைவுக்கும் மற்றதுக்கும் நடுவில ரெண்டு மூண்டு மணித்தியாலம் படு படு எண்டு படுக்க வைக்கிறது. மேல வரேக்க நிமிசத்துக்கு 9 மீற்றருக்கு மேல ஏறப்படாது, 5 மீற்றரில மூண்டு நிமிசம் நிண்டுதான் வரோணும். கடைசி டைவ் முடிஞ்சு 18 மணித்தியாலத்துக்குப் பிளேன் ஏறவும் விடமாட்டாங்கள். நோ வந்தால் திரும்ப இறங்கவே கூடாது அண்ணை. ஒக்சிசன் குடுத்துக்கொண்டு நேர ஆசுப்பத்திரி.

குருநகர்_அட்டை:
படுக்க வைக்கிறாங்கள். ம்ம். எங்களுக்குப் படுத்தால் சம்மாட்டி, போட்டுக்காரர், பேசுவார்.

5 மீற்றர் எண்டால் மூண்டு பாகத்துக்குக் கொஞ்சம் குறைய. கயித்தில முடிச்சுப் போட்டு வைச்சால் பிடிச்சுக்கொண்டு நிக்கலாம் போல.

சுழியோடி_79:
நிக்கலாம் அண்ணை, நல்ல வேலை. வசதியெண்டால் அதில அஞ்சு நிமிசமே நில்லுங்கோ.

மீன்குஞ்சு:
பெடியன், ஒரு விசயம் விட்டுப்போச்சு. எந்தக் கப்பலா இருந்தாலும் ஏறின உடன கீழ் அறையில இருந்து மேல வாறதுக்கு ரெண்டாவது வழி எங்க எண்டு கேட்டு ஒருக்கா ஏறியும் பாரும். 2019 செப்ரெம்பரில கலிபோர்னியாப் பக்கம் கன்செப்ஷன் எண்ட டைவ் போட் இரவில எரிஞ்சு, கீழ படுத்திருந்த 34 பேர் செத்தவை. இரவு முழிச்சிருந்து சுத்திப் பாக்க ஒருத்தரையும் விடேல்லை எண்டுதான் கப்டனுக்குத் தண்டனை. மரக் கப்பல் கெதியா எரியும். நாங்கள் போன கப்பலில கமரா பற்றரி, ரோர்ச் பற்றரி எல்லாம் மேல ஒரு மேசையில ஆள் பாத்துக்கொண்டிருக்கேக்க மட்டும்தான் சார்ஜ் போட விட்டவை, பத்து மணிக்கு எல்லா வயரும் கழட்டு. அறைக்குள்ள சார்ஜ் போட விடுற கப்பல் எண்டால் எனக்கு விருப்பமில்லை.

பருத்தித்துறை_பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாக்குச் சொல்லியாச்சு, ரெண்டு நாள் கதைக்கேல்லை, இப்ப சுவெற்றர் கொண்டுபோ எண்டு சொல்லுறா, அப்ப ஓம் எண்டுதான் அர்த்தம். இந்த வருசம் போகேல்லை. வாற சித்திரையில இருந்து திருகோணமலையில டைவ் அடிச்சுப்போட்டு அதுக்கு அடுத்த வருசம். மச்சான் கோவம்.

ஒரு கேள்வி, ஹெர்மிஸ் பாக்கலாமோ மட்டக்களப்பில?

சுழியோடி_79:
டேய் பொறு. ஹெர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழ கிடக்கு, 1942இல யப்பான்காரன் குண்டு போட்டுத் தாட்ட கப்பல். சாதாரண டைவிங் எல்லை 40 மீற்றர். உன்ர சேட்டிபிக்கேற் 18 மீற்றர் மட்டும்தான். புறாமலையில ஆமை பார்.

ஸ்காபரோ_மச்சான்:
😂😂 அப்ப நான் சொன்னதுதானே கடைசியில நடந்தது, திருகோணமலையில ரூம்.

சுழியோடி_79:
குருநகர் அண்ணை, என்னட்டப் பழைய கைக் கொம்பியூட்டர் ஒண்டு சும்மா கிடக்கு, 2018இல கொண்டுபோனது. பட்டி வெடிச்சிட்டுது, பற்றரி இறங்கிட்டுது, மற்றபடி வேலை செய்யும். காசு ஒண்டும் வேண்டாம். எப்பிடிப் பாக்கிறது எண்டு அரை மணித்தியாலத்தில காட்டித்தரலாம்.

குருநகர்_அட்டை:
எங்களில நாலு பேர் இறங்கிறது. ஒண்டைக் கட்டினால் மற்ற மூண்டு பேருக்கும் கணக்குச் சரிவருமோ?

சுழியோடி_79:
இல்லை அண்ணை, கட்டின ஆளுக்கு மட்டும்தான். ஆனா நாலு பேரும் ஒரே ஆழத்தில ஒண்டா இறங்கி ஒண்டா ஏறினால் ஒண்டுமில்லாததுக்கு அது திறம். ஆர் கூடின ஆழத்துக்குப் போறதோ அவர் கட்டோணும்.

குருநகர்_அட்டை:
அது நான்தான். ஞாயிறு பூசை முடிய ஜெட்டியடிக்கு வாங்கோ, நீலமும் வெள்ளையும் அடிச்ச போட், ஆரிட்டக் கேட்டாலும் காட்டுவினம். பட்டிக்கு நான் ரியூப் வெட்டி வைக்கிறன். பற்றரி வட்டமானதோ?

சுழியோடி_79:
ஓம், வட்டம், ரெண்டு ரூபாய்க் குத்தியை விடக் கொஞ்சம் சின்னன். நான் வாங்கிக்கொண்டு வாறன்.